கடலும் எங்கள் வீதிதான்: தீவகத்தின் பாதைகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

வடக்கின் வீதிகளையும் பாலங்களையும் இறங்குதுறைகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் புங்குடுதீவில் பிறந்து வேலணையில் படித்தவன். இன்றைக்கும் கிழமையில் நான்கு நாள் வாணர் பாலத்தையும் பண்ணைப் பாலத்தையும் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். தீவகத்து வீதிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஜன்னலிலும் மோட்டார் சைக்கிளிலும் படகின் விளிம்பிலும் இருந்து பார்த்ததுதான். படம் வரைகிறவர்களுக்கும் மதிப்பீடு போடுகிறவர்களுக்கும் அது உதவலாம் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவை ஒன்று ஓடுகிறது. அதை எங்கள் ஆட்கள் "பாதை" என்றுதான் சொல்வார்கள். "பாதை அங்கால நிக்குது", "பாதை பழுதாம், சுத்தித்தான் போகவேணும்" என்று கதைப்பது சர்வசாதாரணம். இரண்டு கரைக்கும் இடையில் கூப்பிடு தூரம். நடுவில் கடற்கோட்டை நிற்கும். ஆனால் அந்தப் பாதை நின்றுவிட்டால் ஊர்காவற்றுறையில் இருந்து வேலணை, மண்டைதீவுச் சந்தி, பண்ணை, யாழ்ப்பாணம், மானிப்பாய், பொன்னாலை என்று சுற்றித்தான் காரைநகருக்குப் போகவேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் வரும். எதிர்க்கரையில் நிற்கிற ஆளின் சட்டை நிறம் தெரிகிற தூரத்துக்கு, அரை நாள் பயணம்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் கேட்க வந்ததையும் சொல்லவேண்டும். கடலில் ஓடும் மிதவைக்கு எங்கள் மூத்தோர் "பாதை" என்று பெயர் வைத்தார்கள் என்றால், கடலையும் வீதியின் ஒரு பகுதியாகவே அவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். அரசாங்கமும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தது. காரைநகர்ப் பாதையையும் நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகையும் நடத்தி வந்தது வீதி அபிவிருத்தி அதிகார சபைதான். வீதி போடுகிற நிறுவனமே படகும் ஓட்டியது. ஆனால் இன்றைக்குத் தீவகத்துக்கென்று வருகிற திட்டங்களில் வீதி தனியாக, இறங்குதுறை தனியாக, படகு தனியாக, பஸ் தனியாக இருக்கிறது. புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானில் தார் முடிகிற இடத்தில் வீதியும் முடிந்துவிடுகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவருக்கு அங்கே பயணம் பாதிகூட முடியவில்லை.

சரி, முதலில் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் பாக்கு நீரிணைக்குள் சிதறிக் கிடக்கும் தீவுகள் இவை. வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் ஆகிய நான்கும் பாலங்களால் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு இன்றைக்கும் படகுதான். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை இவற்றுக்குச் சூட்டிப் பார்த்தார்கள்: வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்னும் அரசாங்கக் கடிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்பு வந்த போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையில் யானைகளைக் கப்பலேற்றினார்கள். அந்த ஊரின் இன்னொரு பெயரான "கயிற்ஸ்" என்பதே "யானை இறங்குதுறை" என்று அவர்கள் அழைத்ததில் இருந்து வந்தது. அல்லைப்பிட்டி மண்ணுக்குள் சீனத்துப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவை 11, 12 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்தக் கரைகளுக்கு உலகம் வந்து போனது கடல் வழியாகத்தான் என்பதை நினைவில் வைக்கவே இதைச் சொல்கிறேன். தரை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போவது எங்களுக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம்.

நிலம் மிகவும் தாழ்ந்தது. மலை கிடையாது, ஆறு கிடையாது. கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டர் உயரம்தான். கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை போல நன்னீராக மிதந்து நிற்கும். அதைத்தான் நாங்கள் அடுத்த ஐப்பசி வரை கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடினாலும் அதே கதிதான். தீவகத்தில் வீதி போடுகிறவர் எவரும் முதலில் இந்த வில்லையைத் தெரிந்துகொள்ளவேண்டும். வீதிக்கும் குடிதண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பாலங்கள்.

நாங்கள் "பாலம்" என்று சொல்கிற எதுவும் தூண் மேல் நிற்கிற பாலம் அல்ல. ஆழமில்லாத கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய அணைவீதி அது. இடையிடையே தண்ணீர் போய்வர மதகுகள். பண்ணைப் பாலம் அப்படித்தான், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலமும் அப்படித்தான், பொன்னாலைப் பாலமும் அப்படித்தான். வாணர் பாலத்துக்கு அந்தப் பெயர் வந்தது பெரிய வாணர், சின்ன வாணர் என்று ஊர் அழைத்த இரண்டு அம்பலவாணர்களால். அந்தக் கடலைத் தோணியில் கடந்து போன காலத்தில், ஒரு வீதி வேண்டும் என்று விடாமல் நின்று உழைத்தவர்கள் அவர்கள். எங்கள் அம்மம்மா அந்தத் தோணிப் பயணங்களைப் பற்றிச் சொல்லுவா. காற்று எழும்பினால் இரண்டு கரையிலும் ஆட்கள் மடத்தில் படுத்துவிட்டு அடுத்த நாள் போவார்களாம். பாலம் வந்த பிறகு பஸ் வந்தது. பஸ் வந்த பிறகு பிள்ளைகள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். ஒரு வீதி ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அந்தப் பாலத்தை இரவில் கடப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வேலணைப் பக்கம் கடைசி வீட்டு வெளிச்சம் பின்னுக்குப் போனதும் இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். வாடைக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், மோட்டார் சைக்கிள் தானாகவே ஓரத்துக்குச் சரியும். எதிரே ஒரு லொறி வந்தால் அதன் வெளிச்சத்தில் வீதியின் விளிம்பு தெரியாது. வேகத்தைக் குறைத்து, ஒரு காலை நிலத்தில் தொட்டுக்கொண்டு, லொறி போகும்வரை நிற்கவேண்டும். அது போனதும் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. காதில் மட்டும் கல்லில் தண்ணீர் அடிக்கிற சத்தம். கடலுக்குள் விழுந்த வாகனங்களின் கதை எங்கள் எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கிறது. என்னுடைய பெரியப்பாவின் மகன் ஒரு மார்கழி இரவில் அப்படி விழுந்தான். ஆழமில்லாததால் பிழைத்தான், ஆனால் வலது கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. ஓரத்தில் வெள்ளை அடித்த கட்டைக் கல் வரிசையாக இருந்திருந்தால் அவன் விளிம்பைப் பார்த்திருப்பான். மின்கம்பம் போடச் செலவாகும், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பது எனக்கும் விளங்கும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டி ஒட்டிய கொங்கிரீட் கட்டைக்கு அவ்வளவு செலவு வராது. பாலம் முழுவதும், இரண்டு பக்கமும், இடைவெளி இல்லாமல் அது வேண்டும்.

அடுத்தது மதகுகள். பாலத்தை அகலமாக்கும்போதும் உயர்த்தும்போதும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: மதகுகளைக் குறைக்காதீர்கள், சிறிதாக்காதீர்கள். முடிந்தால் கூட்டுங்கள். ஒரு அணைவீதி கடலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கத்துத் தண்ணீர் மற்றப் பக்கத்துக்குப் போய்வராவிட்டால் சேறு படியும், தண்ணீர் சூடேறும், கடற்புல் குறையும். புல் குறைந்தால் இறாலும் நண்டும் எங்கே வளரும்? பண்ணைப் பாலத்தில் காலையில் போகும்போது பாருங்கள், மதகுகளுக்குக் கிட்டத்தான் வலை வீசுகிறவர்கள் நிற்பார்கள். தண்ணீர் ஓடுகிற இடத்தில்தான் மீன் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மதகு எத்தனை, எங்கே, எவ்வளவு அகலம் என்பதை வீதிப் பொறியியலாளர் தனியாகத் தீர்மானிக்காமல், அந்தக் கரைகளின் கடற்றொழிலாளர் சங்கங்களையும் கூப்பிட்டு வைத்துத் தீர்மானிக்கவேண்டும். வற்றிலும் பெருக்கிலும் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் காலால் அளக்கிறவர்கள்.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மைதானம் வரட்டும். வருகிறது என்றால் பண்ணைப் பாலத்தில் வாகனம் பல மடங்கு கூடும், பாலத்தை அகலமாக்கும் பேச்சும் கட்டாயம் எழும். அந்த நேரத்தில் இந்த மதகுக் கணக்கைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள் என்று இப்போதே கேட்டு வைக்கிறேன்.

இனி உள்வீதிகள். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தீவுக்குள் ஒரு ஒழுங்கையைக் காப்பெற் வீதியாகப் போட்டுத் தந்தால் எங்களுக்குச் சந்தோசம்தான். கிறவல் வீதியில் மழைக்காலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய வீதியைக் கிளறாமல் அதன் மேலேயே கல் பரப்பி, மேலே தார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வீதி அரையடி ஏறும், பிறகு இன்னும் அரையடி ஏறும். வீதி ஏற ஏற வளவுகள் கீழே போகின்றன. எங்கள் வீட்டு வாசலில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இரண்டு படி ஏறித்தான் வீட்டு முற்றத்துக்குள் வருவோம். இப்போது வீதியில் இருந்து முற்றத்துக்கு இறங்குகிறோம். கார்த்திகையில் வீதித் தண்ணீர் முழுவதும் வளவுக்குள் வந்து நிற்கும். மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலக்கும். பிறகு ஒரு கிழமைக்குப் போத்தல் தண்ணீர்.

வளவுக்குள் தண்ணீர் நிற்பது ஒரு பிரச்சினை. நிற்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்காமல் போவது அதைவிடப் பெரிய பிரச்சினை. தட்டையான நிலத்தில் ஒரு அடி உயர்ந்த வீதி, அணைக்கட்டு மாதிரி. முன்பு மழைத்தண்ணீர் தரவை வழியாகப் பரந்து போய்க் குளத்திலும் கேணியிலும் துரவிலும் விழும். ஆடுமாடு குடிக்கும், மிச்சம் மெதுவாக நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு வரும். இப்போது நடுவில் வீதி மறிக்கிறது. குளத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் வீதியோரமாக வழுகிப்போய்க் கடலில் விழுகிறது. மாசி, பங்குனியில் குளம் வெடித்துக் கிடக்கும். சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். பிறகு பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் செலவழிக்கிறார்கள். அந்தப் பவுசர் வருவதும் அதே வீதியால்தான்.

பழைய ஆட்கள் வீதிக்குக் குறுக்கே தண்ணீர் போகிற இடங்களில் சின்னக் கல்மதகு வைத்திருந்தார்கள். புது வேலை நடக்கும்போது "இதால தண்ணி போறதில்லையே" என்று மூடிவிட்டுப் போகிறார்கள். வேலை நடப்பது கோடையில். கோடையில் எதால்தான் தண்ணீர் போகும்? எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு மதகை மூடியபோது பக்கத்து வளவு ஐயா, எண்பது வயது தாண்டியவர், பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து வேலைக்காரப் பெடியங்களுக்குச் சொன்னார்: "தம்பியவை, இதால வாற தண்ணிதான் கோயில் கேணிக்குப் போறது. மூடாதேங்கோ." அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த மதகு இல்லை. வரைபடத்தில் இல்லாத ஒன்றை வைத்திருக்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. மூடினார்கள். அந்த வருசம் கேணி பாதிகூட நிரம்பவில்லை. அடுத்த வருசமும் இல்லை.

அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணலையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. மழையைக் குடித்து நன்னீராக வைத்திருப்பது அந்த மணல்தான். சாட்டியில் இருந்துதான் எங்கள் பக்கம் பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் வந்தது. கட்டட வேலைக்கும் வீதி வேலைக்கும் என்று அந்த மணலை லொறி லொறியாக ஏற்றினால், வீதி கிடைக்கும், தண்ணீர் போய்விடும். தீவகத்தில் நடக்கும் எந்த வீதி வேலைக்கும் தீவக மணலைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்.

நெடுந்தீவுக்கு வேறு ஒரு கவலை. 8 கிலோமீட்டர் நீளமான அந்தத் தீவு முழுக்க முருகைக்கல் மதில்கள். சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது, கல்லின் மேல் கல்லாக அடுக்கி வைத்த வேலிகள். காற்று அதற்குள்ளால் போகும், மதில் விழாது. வீதியை அகலமாக்கும்போது முதலில் பலியாவது அந்த மதில்தான். புல்டோசர் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். பிறகு அப்படி அடுக்கக்கூடிய கை எத்தனை பேரிடம் இருக்கிறது? நெடுந்தீவு ஒழுங்கைகளில் பஸ்சும் ஓட்டோவும் லான்ட்மாஸ்டரும் மாறிப் போக இடம் இருந்தால் போதும். இடையிடையே ஒதுங்கி நிற்க இடம் விட்டால் மதிலை உடைக்கத் தேவையில்லை. காட்டுக் குதிரைகள் மேய்கிற தெற்குப் பக்கத்து வெளிகளுக்குள் புது வீதி தேவையா என்பதையும் பத்து முறை யோசியுங்கள். குதிரை பார்க்க வருகிறவர்களுக்காக வீதி போட்டு, அந்தக் குதிரைகள் தண்ணீர் குடிக்கிற குட்டையை மறித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அப்புறம் இறங்குதுறை.

குறிகட்டுவானுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து 776 ஆம் இலக்க பஸ் வரும். முப்பது கிலோமீட்டர் அளவு. அங்கே இருந்து நயினாதீவுக்கு 20 நிமிடம், நெடுந்தீவு மாவிலித்துறைக்கு ஒரு மணித்தியாலம். பஸ் ஒரு நேர அட்டவணையில் ஓடுகிறது, படகு இன்னொரு நேர அட்டவணையில் ஓடுகிறது. இரண்டும் சந்தித்தால் அதிர்ஷ்டம்.

போன வருசம் சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு நாள் நான் அந்த பஸ்சில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் நெடுந்தீவு அம்மா ஒருவர். மடியில் பெரிய எக்ஸ்ரே உறை, அது மடங்கிவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா. காலுக்குக் கீழே மருந்துப் பையும் ஒரு சீப்பு வாழைப்பழமும். யாழ்ப்பாணத்தில் வைத்தியரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறா. வங்களாவடியில் பஸ் கொஞ்சம் கூட நேரம் நின்றது. புங்குடுதீவுக்குள் வந்ததும் அவ எழும்பி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டா, இறங்கி ஓடலாம் என்று. நாங்கள் துறைக்கு வந்தபோது படகு கரையை விட்டு நூறு மீட்டர் போயிருந்தது. துறையில் சீமெந்துப் பையும் காஸ் சிலிண்டரும் தக்காளிப் பெட்டியும் கிடந்தன. அவற்றையும் அன்றைக்கு ஏற்றவில்லை. அம்மா கையைத் தூக்கிக் கூப்பிடவில்லை. படகையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு எக்ஸ்ரே உறையை ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "தம்பி, இனி நாளைக்குத்தான். புங்குடுதீவில உங்களுக்குத் தெரிஞ்ச வீடு ஆரும் இருக்கோ?" என்று கேட்டா. அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் படுத்தா. அவவுடைய மகள் இரவு முழுக்கத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தா.

பத்து நிமிடம். படகோட்டி பத்து நிமிடம் காத்திருந்தால் சரி. ஆனால் பஸ் எங்கே வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? காற்று ஏறுகிற நேரத்தில் அவர் புறப்பட்டது அவரைப் பொறுத்தவரை சரியான முடிவு. யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. இரண்டு பேரும் கதைத்துக்கொள்ள ஒரு வழி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இது செய்ய முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வருசமும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு விடியற்காலையில் இருந்து யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் விடுகிறீர்கள், குறிகட்டுவானில் படகுகள் வரிசையாக ஆயத்தமாக நிற்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் போய்வருகிறார்கள், பஸ்சும் படகும் ஒன்றையொன்று பார்த்துத்தான் ஓடுகின்றன. திருவிழா நாளில் நடக்கிற இந்த ஒழுங்கு, நெடுந்தீவுப் பள்ளிக்கூட ஆசிரியர் திங்கட்கிழமை காலையில் போகும்போதும், கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணிப்பிள்ளை பின்னேரம் திரும்பும்போதும் நடக்கவேண்டும். ஒரே அட்டவணை, ஒரே பயணச்சீட்டு, யாழ்ப்பாண பஸ் நிலையத்திலேயே படகு நேரமும் இன்றைக்குப் படகு ஓடுமா என்ற தகவலும் எழுதிய ஒரு பலகை. காற்று அடித்துப் படகு நிற்கிற நாளில் முப்பது கிலோமீட்டர் வந்து துறையில் நின்று அதைத் தெரிந்துகொள்வது பெரிய கொடுமை.

குமுதினியைப் பற்றி எழுதாமல் நெடுந்தீவுக் கடலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன எங்கள் சனம் வெட்டிக் கொல்லப்பட்டது. கைக்குழந்தையும் அதில் அடக்கம். அதன் பிறகும் நெடுந்தீவு ஆட்கள் அதே கடலைத்தான் கடந்தார்கள், வேறு வழி இருக்கவில்லை. பிறகு வடதாரகை வந்தது, 2017 இல் நெடுந்தாரகை வந்தது. ஒவ்வொரு படகு வந்தபோதும் துறையில் ஆட்கள் கூடி வரவேற்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படகு வந்த வருசம் இருக்கிற உற்சாகம், அதன் இயந்திரம் பழுதாகிற வருசம் இருப்பதில்லை. உதிரிப்பாகம் வரவில்லை, திருத்த நிதி இல்லை என்று மாதக்கணக்கில் படகு கட்டிக் கிடக்கும். வீதியில் குழி விழுந்தால் அதை மூட ஒவ்வொரு வருசமும் ஒரு பராமரிப்புப் பணம் ஒதுக்குகிறீர்கள். படகுக்கும் பாதைக்கும் அதே கணக்கில், அதே தலைப்பில் ஒதுக்குங்கள். நான் கடலையும் வீதியாக எண்ணுங்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

நோயாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்தபோது, எங்கள் பக்கத்தில் பல உயிர்களை அது காப்பாற்றும் என்று நம்பினோம், காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் அது தரையில் ஓடுகிற வண்டி. நெடுந்தீவில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் கடற்படைப் படகைக் கேட்கவேண்டும், சில நேரம் ஹெலிகொப்டர் வரவேண்டும். அனலைதீவு, எழுவைதீவு ஆட்கள் மீன்பிடி வள்ளத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்கு வருகிறார்கள். அலை அடிக்கிற வள்ளத்தில் இருந்து ஒரு நோயாளியைத் துறைக்குத் தூக்கி ஏற்றுவதை நீங்கள் ஒரு முறை பார்த்தால் போதும். வற்று நேரத்தில் வள்ளம் துறையைவிட இரண்டடி கீழே நிற்கும். மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர், நடுவில் போர்வையில் ஆள். தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடை ஒன்று ஒவ்வொரு துறையிலும் இருந்தால் இந்த வில்லங்கம் இல்லை. புதிதாக இறங்குதுறை கட்டும்போதும் திருத்தும்போதும் இதை முதலில் கேட்கிறேன். கூரையும் குடிதண்ணீரும் பெண்களுக்கு மலசலகூடமும் அடுத்தது.

"தீவகத்தில் ஆட்களே இல்லையே, இவ்வளவு செலவு எதற்கு" என்று சிலர் நேரே கேட்டிருக்கிறார்கள். உண்மைதான், 1990 க்குப் பிறகு எங்கள் தீவுகள் காலியாகின. புங்குடுதீவில் கூரை இல்லாத வீட்டுக்குள் ஆலமரம் வளர்ந்து நிற்கும் ஒழுங்கைகள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் கனடாவிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் இருக்கிறார்கள். ஆனால் மிச்சம் இருக்கிறவர்கள் ஏன் இன்னும் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் ரியூசனுக்குப் போய்வர இரவு பஸ் இல்லை. அம்மாவுக்குச் சுகமில்லாமல் வந்தால் படகு இல்லை. கிணறு உவர்த்துவிட்டது. அதனால் யாழ்ப்பாணத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு திரும்பவில்லை. வீதியும் படகும் சரியில்லாததால் ஆட்கள் போகிறார்கள், ஆட்கள் போனதால் வீதியும் படகும் தேவையில்லை என்றாகிறது. இந்த வட்டத்தை ஒரு இடத்தில் வெட்டவேண்டும். அதை வெட்டக்கூடிய கை உங்களிடம்தான் இருக்கிறது.

எந்த வீதி யாருக்குச் சொந்தம் என்ற குழப்பமும் எங்களை அலைக்கழிக்கிறது. பெரிய வீதி ஓர் இடத்துக்கு, அடுத்த வீதி மாகாணத்துக்கு, ஒழுங்கை பிரதேச சபைக்கு. 2018 ஒக்டோபரில் முடிந்த மாகாண சபைக்குப் பிறகு தேர்தலும் நடக்கவில்லை. ஒரு மதகைத் திறக்கச் சொல்லி எங்கே கடிதம் கொடுப்பது என்று தெரியாமல் மூன்று கதவு தட்டியவர்களை எனக்குத் தெரியும். தீவகத்துக்கு மட்டுமாவது, வீதி, மதகு, துறை, படகு எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிற ஒரு கூட்டம் மாதம் ஒரு முறை நடக்கட்டும். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச செயலகங்களும் முறைவைத்து நடத்தலாம். அந்த மேசையில் ஒரு படகோட்டியும் ஒரு கடற்றொழிலாளியும் ஒரு தாதியும் இருக்கவேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அளவெடுக்க வரும்போது ஆனி, ஆடியில் வராதீர்கள். அந்த மாதங்களில் எங்கள் நிலம் எதையும் காட்டிக்கொடுக்காது, எல்லா இடமும் ஒரே காய்ந்த தரவைதான். கார்த்திகையில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு வாருங்கள். எந்த வீதி எந்தத் தண்ணீரை மறிக்கிறது என்று நிலமே காட்டும். மடத்துவெளியில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். கேணி மதகை மூடவேண்டாம் என்று சொன்ன ஐயா இப்போது வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஆனால் திண்ணையில் இருந்தபடியே பழைய மதகுகள் பதினொன்றும் எங்கெங்கே இருந்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். எழுதிக்கொள்ள ஒரு ஆளையும் கூட்டி வாருங்கள். இந்தக் கார்த்திகையே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
புங்குடுதீவில் இருந்து,
பாலம் கடக்கும் ஒருவன்